486 பெட்டி ஆறு பீப் அடிச்சு நிக்குது, உள்ளே பழைய டிடிபி ஃபைல் இருக்கு: எங்கேருந்து தொடங்கலாம்?

குளச்சல்_486

வணக்கம். விவரத்தை முதல்ல சொல்லிடறேன்.

486 டிஎக்ஸ்2-66 சிபியு, விஎல் பஸ் ஸ்லாட் உள்ள மதர்போர்டு, ஏஎம்ஐ பயாஸ். 72 பின் ரேம், 4 எம்பி வீதம் ரெண்டு. ஐடிஇ ஹார்ட் டிஸ்க்கோட லேபிள்ல 826 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர்னு போட்டிருக்கு. ஃபிளாப்பி டிரைவ் ரெண்டு: 3.5 இன்ச் 1.44 எம்பி, 5.25 இன்ச் 1.2 எம்பி. பவர் சப்ளை பழைய ஏடி வகை, 200 வாட். டாஸ் 6.22, விண்டோஸ் 3.1, பேஜ்மேக்கர் 5 (பக்கம் அமைக்கிற நிரல்) போட்டு டிடிபி வேலை நடந்த மிஷின். வச்சிருந்த இடம் கடலுக்கு அரைக் கிலோமீட்டர் தூரம்.

ஒரே ஒரு தடவை ஆன் செய்து பார்த்தது. ஃபேன் சுத்துது, ஹார்ட் டிஸ்க் சுத்துற சத்தம் கேக்குது, திரையில் ஒண்ணுமில்லை, ஸ்பீக்கர்ல 6 பீப். கீபோர்டு சாக்கெட் பக்கத்துல இருக்கிற பச்சை உருளை பேட்டரி கசிஞ்சு, சுத்தி நீலமும் பச்சையுமா பூத்துக் கிடக்கு. கூடவே 40 ஃபிளாப்பி இருக்கு. சிலதுல ஷட்டரைத் தள்ளினா வெள்ளைப் புள்ளி தெரியுது.

வேண்டியது ரெண்டு. ஹார்ட் டிஸ்க்ல இருக்கிற தமிழ் ஃபைல்கள் வெளியே வரணும். முடிஞ்சா இந்தப் பெட்டியும் பழையபடி மெமரி எண்ணி, டாஸ்ல வந்து நிக்கணும். எதை முதல்ல தொடணும்?

தக்கலை_டாஸ்

முதல் வேலை, பிளக்கை உருவிப் போடுங்க. இனி போர்டு சுத்தமாகிற வரை ஆன் பண்ணவே கூடாது. கசிஞ்ச உப்பு ஈரத்தை இழுத்து வச்சிருக்கும். அதுக்குள்ள 5 வோல்ட் பாய்ஞ்சா, பல வருஷத்துல அரிக்கிற செம்பு சில மணி நேரத்துல அரிச்சுடும். ஆனி, ஆடிச் சாரல்ல நம்ம கடற்கரைப் பக்கம் இது இன்னும் வேகம்.

ரெண்டாவது, ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டித் தனியா எடுத்து வைங்க. ஃபைல் வேணும்னா அதுக்கு இந்த மதர்போர்டு உயிரோட இருக்கணும்னு அவசியமே இல்லை. அதைப் பத்தி வேற யாராவது எழுதுவாங்க, நான் போர்டைச் சொல்றேன்.

ஏஎம்ஐ பயாஸ்ல 6 பீப்னா கீபோர்டு கன்ட்ரோலர், கேட் ஏ20 பிழை. கீபோர்டு சிப் கெட்டா மிஷின் ஏன் மொத்தமா நிக்கணும்? 1984ல வந்த ஐபிஎம் ஏடி-யில, 1 எம்பி-க்கு மேல் உள்ள மெமரிக்குப் போற ஏ20 முகவரிக் கம்பியைத் திறந்து மூட, 8042 கீபோர்டு சிப்ல சும்மா கிடந்த ஒரு காலை எடுத்துப் பயன்படுத்தினாங்க. அந்தப் பழக்கம் 486 வரைக்கும் வந்துடுச்சு. உங்க பேட்டரி கசிஞ்ச இடமும் கீபோர்டு சாக்கெட் பக்கம்தான். ரெண்டும் அப்படியே பொருந்துது. சிப் செத்திருக்க வாய்ப்பு குறைவு; அதுக்குப் போற டிராக் (போர்டு மேல ஓடற செம்புக் கோடு) அறுந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

சுத்தம் செய்யும் முறை:

பேட்டரியோட ரெண்டு காலையும் கட்டர் வச்சு வெட்டி எடுங்க. ஆட்டிப் பிடுங்காதீங்க, கீழே உள்ள பேட் அப்படியே உரிஞ்சு வரும். மிச்ச காலைப் பிறகு சால்டர் அயர்ன்ல எடுக்கலாம். அரிச்ச ஈயம் சாம்பல் நிறத்துல மங்கிக் கிடக்கும், எவ்வளவு சூடு வச்சாலும் உருகாது. மேல ஃபிளக்ஸ் தடவி, கொஞ்சம் புது ஈயம் ஏத்தினா அதோட சேர்ந்து இளகும்.

நிக்கல் காட்மியம் பேட்டரியில் இருந்து வர்றது காரம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அமிலம்னு நினைச்சு சோடா உப்பு போடறவங்க உண்டு, அது ஒண்ணுக்கும் ஆகாது. மளிகைக் கடை வெள்ளை வினிகர் ஒரு பங்கு, வெள்ளம் (தண்ணி) ஒரு பங்கு கலந்து, பழைய டூத் பிரஷ்ஷால பைய தேய்ங்க. நுரைக்கிற இடம் இன்னும் காரம் இருக்கிற இடம். நுரை நின்ன பிறகு டிஸ்டில்ட் வாட்டர்ல (இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்தறதுதான்) ரெண்டு தடவை கழுவுங்க. கிணத்து வெள்ளமோ குழாய் வெள்ளமோ வேண்டாம், கடலோரத்துல அதுலயும் உப்பு. கடைசியா 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மருந்துக் கடை ஸ்பிரிட்ல கால்வாசிக்கு மேல தண்ணி இருக்கும், அது காய நேரமாகும்.

ஒரு எச்சரிக்கை. குலசேகரம், அருமனைப் பக்கம் வீட்டுல ரப்பர் பால் உறைய வைக்கிற ஆசிட் கேனைப் பார்த்துட்டு, "இதுவும் ஆசிட்தானே"ன்னு எடுத்துடாதீங்க. அது ஃபார்மிக் அமிலம், வினிகரை விடப் பல மடங்கு காட்டம். டிராக்கையும் தின்னும், கையையும் தின்னும். எலுமிச்சையும் வேண்டாம், சர்க்கரையும் சக்கையும் ஒட்டிக்கும்.

காய வைக்கிறது நிழல்ல, ஃபேன் அடியில, ரெண்டு நாள். உச்சி வெயில்ல மொட்டை மாடியில போட்டா பிளாஸ்டிக் ஸ்லாட் வளையும்.

காய்ஞ்சதும் மல்டிமீட்டர் எடுத்துப் பார்க்க வேண்டிய இடங்கள்: 8042ங்கறது 40 கால் உள்ள நீளமான சிப், பெரும்பாலும் சாக்கெட்ல நிக்கும், மேல ஏஎம்ஐ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை எடுத்துக் காலெல்லாம் பாருங்க; சாக்கெட் உள்ளேயும் பச்சை ஏறியிருக்கும். 20ம் கால் கிரவுண்ட், 40ம் கால் 5 வோல்ட், 22ம் கால்தான் ஏ20. கீபோர்டு சாக்கெட்ல 1 கிளாக், 2 டேட்டா, 4 கிரவுண்ட், 5 சப்ளை. இந்த ஒவ்வொண்ணுல இருந்தும் கிளம்பற டிராக் எங்கே போய்ச் சேருதுன்னு ஒரு முனை விடாமப் பாருங்க. கண்ணுக்கு முழுசாத் தெரியற டிராக் உள்ளே கறுத்து அறுந்திருக்கும். பச்சை மாஸ்க் (மேல் பூச்சு) கறுத்திருந்தா பிளேடு முனையால மெல்லச் சுரண்டுங்க. செம்பு மினுங்கினா நல்லது, கறுப்புத் தூள் வந்தா அந்த டிராக் போச்சு.

வடசேரி_சால்டர்

போர்டைப் பத்தி அண்ணாச்சி சொன்னது சரி. ஆனா பவர் சப்ளையைச் சோதிக்காம அந்தப் போர்டுல மறுபடி மாட்டாதீங்க. ஒரு தடவை ஃபேன் சுத்தினதால மட்டும் அது நல்ல சப்ளைன்னு ஆகாது.

பின்னால 115 / 230 சுவிட்ச் இருக்கும். 230ல இருக்கான்னு பாருங்க. யாராவது சும்மா தள்ளி 115ல விட்டிருந்தா, ஆன் செய்த நொடியே உள்ளே இருக்கிற ரெண்டு 200 வோல்ட் கெபாசிட்டரும் வெடிச்சுரும்.

முன்பக்க பவர் பட்டனுக்கு நாலு தடிச்ச ஒயர் போகும். ஏடி பெட்டியில அந்த பட்டனுக்கே 230 வோல்ட் வருது. இன்னைக்கு உள்ள பெட்டி மாதிரி 5 வோல்ட் சிக்னல் இல்லை. கழட்டறதுக்கு முன்னால எந்த நிறம் எந்தக் கால்ல இருந்துதுன்னு படம் எடுத்து வைங்க. மாத்திச் சொருகினா லைனும் நியூட்ரலும் நேரா முட்டி, வீட்டு ஃபியூஸ் போகும்.

சப்ளையைத் திறக்கறதா இருந்தா, பிளக்கை உருவி, பெரிய கெபாசிட்டர் ஒவ்வொண்ணோட ரெண்டு முனைக்கும் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை அரை நிமிஷம் வச்சு, மீட்டர்ல பூஜ்யம் பக்கம் வந்தாச்சான்னு பார்த்த பிறகு கை வைங்க. 230 ஏசி-யைத் திருத்தினா ரெண்டிலும் சேர்த்து 325 வோல்ட் டிசி நிக்கும்.

உள்ளே மெயின்ஸ் வர்ற இடத்துல 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ் கெபாசிட்டர் ஒண்ணு இருக்கும். சில சப்ளையில அது தேன் நிறத்துல, உள்ளே தெரியற மாதிரி பிசின் உறை போட்ட காகித வகை. உறையில மயிரிழை மாதிரி வெடிப்பு இருந்தா ஈரம் உள்ளே போயிருக்கும். பத்து நிமிஷம் நல்லா ஓடி, பிறகு வீடு முழுக்க நாத்தப் புகை விடும். நம்ம ஈரக் காத்துக்கு அதை யோசிக்காம மாத்திடலாம். 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 வகை ஃபிலிம் கெபாசிட்டர். சாதாரண 400 வோல்ட் டிசி கெபாசிட்டரை அந்த இடத்துல போடக் கூடாது.

சோதனைக்கு: மெயின்ஸ் பக்கம் சீரிஸ் போர்டுல 100 வாட் குண்டு பல்பு. லோடு இல்லாம இந்த சப்ளை கிளம்பாது, கிளம்பினாலும் அளவு தாறுமாறா இருக்கும். சிவப்பு ஒயருக்கும் கறுப்பு ஒயருக்கும் நடுவில ஆட்டோ இண்டிகேட்டர் பல்பு (12 வோல்ட், 21 வாட்) ரெண்டைப் பக்கம் பக்கமாக் கட்டுங்க. 5 வோல்ட்ல ஒவ்வொண்ணும் சுமார் 1 ஆம்பியர் இழுக்கும். குண்டு பல்பு ஒரு தடவை மின்னி அணைஞ்சா சரி. எரிஞ்சுகிட்டே நின்னா உள்ளே ஷார்ட்.

இருக்க வேண்டிய அளவு: சிவப்பு 4.75 முதல் 5.25 வரை. மஞ்சள் 11.4 முதல் 12.6 வரை. நீலம் மைனஸ் 12 பக்கம். ஆரஞ்சு ஒயர்தான் பவர் குட், அதாவது சப்ளை சரின்னு போர்டுக்குச் சொல்ற சிக்னல்; அது 5 வோல்ட் பக்கம் ஏறலைன்னா போர்டு ரீசெட்லயே நிக்கும், பீப்கூட வராது.

போர்டுல மாட்டும்போது பி8, பி9 ரெண்டு பிளக்கோட கறுப்பு ஒயர்களும் நடுவுல ஒண்ணையொண்ணு ஒட்டி வரணும். மாறிப் போட்டா இத்தனை பாடும் ஒரே நொடியில வீண்.

கடியப்பட்டணம்_பைட்

ஒரு கேள்வி. இவ்வளவு எதுக்கு? டிஸ்க்கை இமேஜ் (முழு டிஸ்க்கோட நகல் ஃபைல்) எடுத்து 86பாக்ஸ் எமுலேட்டர்ல (பழைய மிஷின் மாதிரியே நடிக்கிற நிரல்) போட்டா பழையபடி மெமரி எண்ணறது முதல் விண்டோஸ் 3.1 வரைக்கும் அப்படியே வரும். போர்டை அலமாரியில வச்சிரலாமே.

தக்கலை_டாஸ்

ஃபைலுக்கு அது போதும், அதையும் நான் ஏத்துக்கறேன். ஆனா அவர் பெட்டியும் ஓடணும்னு கேட்டிருக்காரு. அலமாரியில வைக்கிறதா இருந்தாலும் பேட்டரியை வெட்டிக் கழுவாம வைக்கக் கூடாது, அரிப்பு அங்கேயும் நிக்காது. அதுவுமில்லாம 5.25 இன்ச் ஃபிளாப்பியை எமுலேட்டர் படிக்காது. அதுக்கு அந்த டிரைவே வேணும்.

குழித்துறை_செக்டர்

ஹார்ட் டிஸ்க் பத்தி எழுதறேன். நிதானமா படிங்க, இங்கதான் பலரும் வழுக்கறாங்க.

826 × 16 × 63 × 512 = 42,62,95,296 பைட். அதாவது 426 எம்பி டிஸ்க். இந்த வயசு டிஸ்க் பலதுக்கு எல்பிஏ முறை (செக்டரை ஒரே தொடர் எண்ணால கூப்பிடறது) தெரியாது. சிலிண்டர், ஹெட், செக்டர் சொன்னாத்தான் படிக்கும். கடையில கிடைக்கிற யுஎஸ்பி ஐடிஇ அடாப்டர் பெரும்பாலும் எல்பிஏ-யில மட்டும் பேசும். அதனால மாட்டினா "டிஸ்க் இல்லை"ன்னோ, அளவு பூஜ்யம்னோ காட்டும். டிஸ்க் செத்துட்டதுன்னு நினைச்சுத் தூக்கிப் போட்டுடாதீங்க.

சரியான வழி, போர்டுலயே 40 பின் ஐடிஇ சாக்கெட் உள்ள பெண்டியம் 3, பெண்டியம் 4 காலத்து மிஷின் ஒண்ணு. பழைய சாமான் கடையில எடைக்குக் கிடைக்கும். லினக்ஸ் லைவ் சிடி போட்டு பூட் செய்யுங்க, அது பழைய முறையிலும் பேசும். டிஸ்க்கைத் தனி கேபிள்ல, மாஸ்டர் ஜம்பரோட. விண்டோஸ் உள்ள மிஷின்ல மாட்டாதீங்க. கேக்காமலே எதையாவது எழுதி வைக்கும்.

டிடிரெஸ்க்யூ-வை (பழுதான டிஸ்க்கை இமேஜ் எடுக்கிற லினக்ஸ் நிரல்) ரெண்டு சுற்றா ஓட்டணும். முதல் சுற்று மைனஸ் என் போட்டு, நல்லா இருக்கிற இடத்தை மட்டும் வேகமா அள்ளும். ரெண்டாவது சுற்று மைனஸ் ஆர்3 போட்டு, அதே மேப் ஃபைலோட (எது படிச்சாச்சு, எது பாக்கின்னு குறிச்சு வைக்கிறது), விட்டுப் போன செக்டரை மூணு தடவை முயலும். மேப் ஃபைல் பேரைச் சொல்ல மறந்தா ரெண்டாவது சுற்று முதல்ல இருந்து தொடங்கும். நல்ல டிஸ்க்னா பத்து நிமிஷத்துக்குள் முடியும். ஒரே இடத்துல டக் டக்னு அடிச்சா உடனே நிறுத்திடுங்க.

உங்க டிஸ்க் சுத்துதுன்னு சொன்னீங்க, நல்லது. சுத்தாத டிஸ்க்கைத் தட்டச் சொல்லுவாங்க, தட்டாதீங்க. ஹெட் தகட்டுல ஒட்டியிருந்தா, கையில கிடையாப் பிடிச்சு, சாவி திருகற மாதிரி சட்டுனு ஒரு கால் வட்டம் திருப்பினா விடும். மேல் மூடியைத் திறக்கறது கடைசிக்கும் கடைசி.

இமேஜ் கிடைச்சதும் டாஸ்பாக்ஸ் எமுலேட்டர்ல ஏத்தணும்னா அளவு தர்ற வரிசை 512, 63, 16, 826. சிலிண்டர் முதல்ல வராது, கடைசியில வரும். இதைப் புரட்டிப் போட்டுட்டு டிஸ்க் காலின்னு சொல்றவங்க நிறைய.

இன்னொண்ணு. ஏத்திப் பார்த்தா நாலஞ்சு சின்ன ஃபைலும், மறைஞ்சிருக்கிற ஒரே ஒரு பெரிய டிஆர்விஸ்பேஸ்.000 ஃபைலும் மட்டும் தெரியுதா? பயப்படாதீங்க. டாஸ் 6.22ல வந்த டிரைவ்ஸ்பேஸ் போட்டு டிஸ்க்கைச் சுருக்கியிருக்காங்க. 400 எம்பி டிஸ்க்ல டிடிபி வேலை செய்தவங்க பலர் இதைப் போட்டிருப்பாங்க. ஃபைலெல்லாம் அந்த ஒண்ணுக்குள்ள இருக்கு. லினக்ஸ் அதைத் திறக்காது. 86பாக்ஸ்ல அந்த இமேஜ்ல இருந்தே டாஸ் 6.22 பூட் ஆனா, சி டிரைவ் முழுசாத் தெரியும்.

குளச்சல்_486

எல்லாருக்கும் நன்றி. இதுவரை பார்த்தது:

இமேஜ் வந்துடுச்சு, ரெண்டாவது சுற்றுக்குப் பிறகு 3 செக்டர் மட்டும் பாக்கி. டிரைவ்ஸ்பேஸ் இல்லை. பவர் சப்ளை லோடோட 5.08, 11.9, மைனஸ் 12.2. போர்டைக் கழுவிக் காய வச்சாச்சு. 8042ல 40ம் கால் 4.98 வோல்ட். 22ம் கால்ல இருந்து போற டிராக் பேட்டரிக்கு அடியில கறுத்திருக்கு, மீட்டர் பீப் அடிக்கலை. கீபோர்டு சாக்கெட் 5ம் பின்ல வோல்ட்டே இல்லை. இன்னும் 6 பீப்தான்.

வடசேரி_சால்டர்

கொள்ளாம், நோய் பிடிபட்டாச்சு. ரெண்டு வேலை.

22ம் காலுக்கு: அந்த டிராக் கறுப்பைத் தாண்டி எந்தத் துளையில் போய் இறங்குதுன்னு பாருங்க. அந்தத் துளையில இருந்து சிப்செட் கால் வரைக்கும் பீப் வருதான்னு முதல்ல உறுதி பண்ணுங்க. துளைக்குள்ள இருக்கிற செம்புப் பூச்சும் அரிச்சிருக்கலாம். அப்படின்னா ஒரு ஒத்தைக் கம்பி இழையைத் துளைக்குள்ள விட்டு மேலயும் கீழயும் ஈயம் வைக்கணும். பிறகு 30 கேஜ் ஒயர்ராப் ஒயரை, சாக்கெட்டோட அடிப்பக்கம் 22ம் பின்ல இருந்து அந்தத் துளைக்கு நேரா இழுங்க. அரிச்ச டிராக் மேலேயே ஈயத்தை இழுவி ஒட்ட வைக்கிற வேலை வேண்டாம், அடுத்த மழைக்கே விட்டுப் போகும்.

5ம் பின்னுக்கு: சாக்கெட் பக்கத்துல எஃப்1னு எழுதி, சின்ன ரெசிஸ்டர் மாதிரி ஒண்ணு இருக்கும். அதுதான் ஃபியூஸ். மிஷின் ஓடும்போது கீபோர்டைப் பிடுங்கிச் சொருகினா போறது இதுதான். மீட்டர்ல திறந்து காட்டினா 1 ஆம்பியர் அளவுல புதுசு போடுங்க. வெறும் கம்பி வச்சு முட்டிக் கொடுக்காதீங்க. அடுத்த தடவை டிராக்கே எரியும். ஃபியூஸ் நல்லா இருந்தா, அதுக்குப் பின்னால இருக்கிற குட்டி காயிலைப் பாருங்க, கசிவு அதன் காலையும் தின்னிருக்கும்.

இனி பேட்டரி. பழைய இடத்துல அதே மாதிரி புது உருளை பேட்டரி போட்டா, சில வருஷத்துல இதே கதைதான். சிஆர்2032ஐ நேரா அந்த இடத்துல வச்சாலும் தப்பு. அங்கே சார்ஜ் ஏத்தற சர்க்யூட் இருக்கு. சார்ஜ் ஏத்தக் கூடாத லித்தியம் செல் வீங்கும். நடுவுல 1என்4148 டயோடு போட்டா சார்ஜ் தடுக்கும், ஆனா டயோடு கொஞ்சம் வோல்ட்டைத் தின்னுட்டு மிச்சத்தைத்தான் கொடுக்கும், சில போர்டுக்கு அது பத்தாது. போர்டுல வெளி பேட்டரிக்குன்னு 4 பின் ஹெட்டர் இருந்தா அதுதான் நல்ல வழி. மூணு ஏஏ செல் போடற ஹோல்டரை நீள ஒயர்ல இழுத்து, பெட்டியோட அடித்தகட்டுல ஒட்டுங்க. கசிஞ்சாலும் போர்டைத் தொடாது. வெளி பேட்டரிக்கான ஜம்பரை மாத்த மறக்க வேண்டாம். எந்தப் பின் பிளஸ்னு போர்டு அச்சுல பார்த்துச் சொருகுங்க.

குழித்துறை_செக்டர்

பூட் ஆனதும் பயாஸ் எல்லாத்தையும் மறந்திருக்கும். செட்டப்ல ஹார்ட் டிஸ்க்கை டைப் 47, அதாவது யூசர் டைப்னு வச்சு, லேபிள்ல உள்ள 826, 16, 63ஐ அப்படியே போடுங்க. வேற எண் போட்டாலும் சில சமயம் பூட் ஆகற மாதிரி போக்குக் காட்டும், ஆனா எழுதும்போது தப்பான செக்டர்ல எழுதி மொத்தத்தையும் கலக்கிடும். இமேஜ் கையில இருக்கு, சரி, இருந்தாலும்.

தினசரி ஓட்டறதுக்கு அந்தப் பழைய டிஸ்க் வேண்டாம்னு நினைச்சா, காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டும் 40 பின் அடாப்டரும் போடலாம். அந்தக் காலத்து பயாஸ் பலதும் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர்ல முடிஞ்சிரும், அதாவது 504 மெகாபைட். 4 ஜிபி கார்டு போட்டாலும் அவ்வளவுதான் தெரியும். பார்ட்டிஷன் போட்ட பிறகு எஃப்டிஸ்க் ஸ்லாஷ் எம்பிஆர் ஒரு தடவை ஓட்டுங்க. கேமராவுல இருந்த கார்டுல பூட் கோடு இருக்காது, கர்சர் மட்டும் சிமிட்டிகிட்டு நிக்கும்.

கடியப்பட்டணம்_பைட்

ஃபிளாப்பி பத்தி யாரும் சொல்லலை. வெள்ளைப் புள்ளி பூஞ்சை. அந்த ஃபிளாப்பியை அப்படியே டிரைவ்ல போட்டா, பூஞ்சை ஹெட்ல ஒட்டி, அடுத்து போடற நல்ல ஃபிளாப்பியையும் வட்டமா சுரண்டும். முதல்ல 40ஐயும் பிரிங்க: சுத்தமானது ஒரு பக்கம், புள்ளி உள்ளது ஒரு பக்கம்.

சுத்தமானதுல எழுதாமப் பூட்டறது: 3.5 இன்ச்ல ஓட்டை திறந்திருந்தா எழுதாது. 5.25ல நேர்மாறு, ஓரத்து வெட்டை ஒட்டி மூடினாத்தான் எழுதாது.

பூஞ்சை உள்ளதுக்கு: 3.5 இன்ச் உறையோட ஷட்டரைக் கழட்டி, ஓரத்துல பிளேடு விட்டுப் பிரிச்சு, வட்டத் தகட்டை நடு உலோகத்தைப் பிடிச்சு எடுங்க. டிஸ்டில்ட் வாட்டர்ல ஒரு சொட்டு பாத்திரம் கழுவற லிக்விட். விரல் நுனியால நடுவுல இருந்து ஓரத்துக்கு. பிறகு வெறும் டிஸ்டில்ட் வாட்டர், நிழல்ல உலர்த்தல். தேவையில்லாத ஒரு நல்ல ஃபிளாப்பியோட உறைக்குள்ள போட்டு ஒரே ஒரு தடவை படிச்சு இமேஜ் எடுத்துடுங்க. அசிட்டோன் பக்கம் போகாதீங்க, பழுப்புப் பூச்சே கரையும். ஒவ்வொண்ணுக்கும் பிறகு டிரைவ் ஹெட்டை ஆல்கஹால் தொட்ட பட்ஸால துடைக்கணும். அலுப்பான வேலைதான்.

யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் 3.5 இன்ச்சுக்கு மட்டும். 5.25 இன்ச்சுக்கு கிரீஸ்வீசல்னு ஒரு சின்ன போர்டு உண்டு, உங்க டிரைவை 34 பின் கேபிள்ல அதுல மாட்டி, யுஎஸ்பி வழியா காந்த மாற்றங்களையே அப்படியே பதியலாம். ஃபார்மட் ஐபிஎம்.1200னு கொடுங்க. டிரைவ் விளக்கு மாட்டின உடனே எரிஞ்சுகிட்டே நின்னா கேபிள் தலைகீழ்.

முடிஞ்சதெல்லாம் காத்துப் புகாத டப்பாவுல, நீல சிலிக்கா ஜெல்லோட. ரோஸ் நிறமாச்சுன்னா அதைத் தனியா அவன்ல 120 டிகிரியில ஒரு மணி நேரம் காய வச்சா திரும்ப நீலமாகும். அரிசி மூட்டைக்குள்ள வைக்கிற வைத்தியம் வேண்டாம், வண்டுதான் வரும்.

பழைய_எழுத்துரு

தமிழ் ஃபைலுக்கு என் பங்கு. இமேஜிலிருந்து டாக்குமெண்ட்டை மட்டும் எடுத்தால் போதாது. எழுத்துருவையும் சேர்த்து எடுக்க வேண்டும். 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் டிடிஎஃப் எழுத்துருக்கள் விண்டோஸ் அடைவுக்குள் இருக்கும் சிஸ்டம் அடைவில்தான் கிடக்கும். பக்கத்தில் அதே பெயரில் எஃப்ஓடி என்று ஒரு குட்டிக் கோப்பும் இருக்கும். பழைய விண்டோஸுக்கு இரண்டும் தேவை. இன்றைய கணினிக்கு டிடிஎஃப் போதும்.

அந்தக் காலத்தில் யூனிகோடு புழக்கத்தில் இல்லை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்துத்தான் எழுத்துரு செய்தார்கள், அதுவும் ஆளுக்கொரு வரிசை. எந்த வரிசை என்று கண்டுபிடிக்க, ஃபைலை நோட்பேடில் திறந்து 'தமிழ்' என்ற சொல் எங்கே வரும் என்று உங்களுக்குத் தெரிந்த ஓரிடத்தைப் பாருங்கள். அங்கே ஆங்கிலச் சின்ன எழுத்தில் ஜே, கே, பி, ஓ, பின்னால் ஓர் அரைப்புள்ளி என்று இருந்தால் அது பாமினி. எல்லாமே புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்தும் வினோதக் குறியுமாக இருந்தால், 128க்கு மேலுள்ள இடங்களைப் பயன்படுத்திய வகை, திஸ்கி அப்படிப்பட்டது. டாம், டாப் குறியீடுகள் 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்தவை. உங்கள் ஃபைலின் தேதி அதற்கு முந்தியது என்றால் அவற்றைத் தேட வேண்டாம். தேதி 1980 ஜனவரி 1 என்று காட்டினால் நம்பாதீர்கள்; பேட்டரி செத்த பிறகு சேமித்தது.

வகை தெரிந்துவிட்டால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடாக மாற்றலாம். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வரும் சொற்களை மட்டும் கண்ணால் பாருங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் தட்டப்பட்டிருக்கும்; வரி முறிந்த இடத்தில் அது தனியே தொங்கி நிற்கும்.

பேஜ்மேக்கர் 5 கோப்புக்கு, 86பாக்ஸில் அந்த இமேஜையே ஓட்டி, அதிலுள்ள பேஜ்மேக்கரிலேயே திறப்பது சிரமமில்லாத வழி. உரை மட்டும் வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட். பக்க அமைப்பும் வேண்டுமென்றால் விண்டோஸ் 3.1இல் ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டரை நிறுவி, போர்ட் என்ற இடத்தில் ஃபைல் என்று தேர்ந்து அச்சிடுங்கள். வரும் போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பை கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற நிரல் பிடிஎஃப் ஆக்கிவிடும். எழுத்துரு உள்ளேயே பொதிந்திருக்கும். உரை, பிடிஎஃப் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது பிழையான எழுத்தை பிடிஎஃப்பைப் பார்த்துத்தான் திருத்த முடியும்.

குளச்சல்_486

ஒயர் இழுத்து, எஃப்1 மாத்தினதும் ஒரே பீப். 8192 கேபி வரை எண்ணி, ஸ்டார்ட்டிங் எம்எஸ்-டாஸ் வந்தாச்சு. கீபோர்டும் வேலை செய்யுது. ஃபைலெல்லாம் பாமினி.

ஒரு சின்ன விஷயம் மட்டும் பாக்கி. முன்பக்கம் இருக்கிற வேகம் காட்டற எண் 33லயே நிக்குது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டர்போ பட்டனை அமுக்கினாலும் 66 வரலை. சிபியு மெதுவா ஓடுதோ?

தக்கலை_டாஸ்

அந்த எண் எதையும் அளக்கலை, அது வெறும் பொம்மை. டர்போ பட்டன் எந்தப் பக்கம் இருக்குன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். ஒவ்வொரு கோடும் எப்போ எரியணும்னு பின்னால உள்ள குட்டி ஜம்பர்தான் சொல்லும்.

3க்கும் 6க்கும் மேல், நடு, கீழ், வலது கீழ் ஆக நாலு கோடும் பொது. அதை ரெண்டு நிலையிலும் எரியற மாதிரி விடுங்க. வலது மேல் கோடு டர்போ இல்லாதப்போ மட்டும். இடது மேல், இடது கீழ் ரெண்டும் டர்போவுல மட்டும். ரெண்டு இலக்கத்துக்கும் இதே அமைப்பு. ஜம்பரெல்லாம் சரியா இருந்தும் 33லயே நின்னா, போர்டோட டர்போ எல்இடி பின்ல இருந்து டிஸ்பிளேவுக்கு வர்ற ஒயர் கழண்டிருக்கும். போர்டைக் கழுவறதுக்காகக் கழட்டினப்போ அதுதான் விட்டுப் போயிருக்கும்.